குளவியும் தேளும்: இரண்டு மூவிடப்பெயர்கள் எழுப்பிய வழக்கு

அரபு மொழியில் 'ஹுவ' என்றால் அவன். 'ஹிய' என்றால் அவள். அரபு மதரஸாவில் நஹ்வு எனும் இலக்கணக் கலையைத் தொடங்கும் மாணவர், முதற் சில வாரங்களிலேயே மனனம் செய்துவிடும் எளிய சொற்கள் இவை. ஆயினும் இவ்விரு சொற்களும் அடுத்தடுத்து வரும்போது இரண்டாவது சொல் எந்த உருவில் அமைய வேண்டும் என்ற கேள்வி, ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பக்தாதின் அமைச்சரவையில் ஒரு வழக்காகவே எழுந்தது. அரபு இலக்கணத்தின் மாபெரும் இமாம்கள் இருவர் எதிரெதிரே அமர்ந்தனர். பாலைவனத்து அரபியர் சாட்சிகளாக அழைக்கப்பட்டனர். தீர்ப்பும் உடனே வழங்கப்பட்டது. அதன்பின் ஓர் அறிஞர் தம் ஊருக்குத் திரும்பாமலே சென்று மறைந்தார்.

இந்நிகழ்ச்சியை அறிஞர் பெருமக்கள் 'அல்மஸ்அலத்துஸ் ஸுன்பூரிய்யா', அதாவது 'குளவி வினா' என்று அழைப்பர். மதரஸாக்களில் இதனைச் சுவையான கதையாக ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருப்போம். ஆனால் அறிவு, அதிகாரம், சாட்சியம், கருத்து வேறுபாட்டின் ஒழுக்கம் ஆகிய நான்கையும் ஒருசேரச் சிந்திக்க வைக்கும் வரலாறு இது. இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

ளமீர்: மறைந்திருக்கும் சொல்

தமிழில் மூவிடப்பெயர் என்று நாம் சொல்வதை அரபு இலக்கணத்தார் 'ளமீர்' என்பர். மறைத்தல், உள்ளே வைத்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்த சொல் அது. மனத்தின் உட்புறத்தையும் மனச்சான்றையும் குறிக்க அதே சொல் வழங்குகிறது. ஒருவரின் பெயரை வெளிப்படையாகச் சொல்லாமல் உள்ளே வைத்துக்கொண்டு, அதற்கு ஓர் அடையாளத்தை மட்டும் வெளியே காட்டுவதால் இப்பெயர் பொருந்திற்று. பஸரா நகர் அறிஞர்கள் இதனை 'முள்மர்' (மறைக்கப்பட்டது) என்றனர். கூஃபா நகர் அறிஞர்களோ 'மக்னீ', 'கினாயா' என்று, குறிப்பாகச் சுட்டப்படுவது என்ற பொருளில் அழைத்தனர். ஒரே பொருளுக்குக்கூட இரு நகரங்களும் இரு கலைச்சொற்களை வழங்கின என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

ளமீர் மூன்று வகையாக வரும். தனித்து நிற்பது ஒன்று. சொல்லோடு ஒட்டி வருவது இரண்டாவது. வெளியே தெரியாமல் வினைக்குள்ளேயே மறைந்திருப்பது மூன்றாவது. 'உக்துப்' என்றால் 'எழுது' என்று பொருள். அதனுள் 'அன்த' (நீ) மறைந்திருக்கிறது. தமிழ் இலக்கணத்தில் 'தோன்றா எழுவாய்' என்று நாம் கூறுவதற்கு இது நெருக்கமானது.

அரபுப் பெயர்ச்சொற்களின் வேற்றுமையைப் பெரும்பாலும் கடைசி எழுத்தின் உயிர்க்குறியே காட்டும். எழுவாயாக நிற்கும் சொல்லுக்கு 'ரஃப்உ' நிலை. செயப்படுபொருளாக நிற்கும் சொல்லுக்கு 'நஸ்பு' நிலை. ஆனால் தனித்து நிற்கும் மூவிடப்பெயர்களில் உயிர்க்குறி மாறுவதில்லை. சொல்லின் உருவமே மாறிவிடுகிறது. தமிழில் 'நான்' என்பது 'என்னை' என்றும், 'நீ' என்பது 'உன்னை' என்றும் மாறுவது போல, அரபியில் 'ஹுவ' என்பது 'இய்யாஹு' என்றும், 'ஹிய' என்பது 'இய்யாஹா' என்றும், 'அன்த' என்பது 'இய்யாக' என்றும் மாறும்.

இந்த 'இய்யாக' என்ற சொல் நமக்குப் புதியதன்று. ஃபாத்திஹா அத்தியாயத்தின் நடுவே அது இருமுறை வருகிறது. ஒவ்வொரு ரக்அத்திலும் ஃபாத்திஹா ஓதித் தொழுபவர், ஐவேளைக் கடமைத் தொழுகைகளின் 17 ரக்அத்களில் மட்டும் 34 முறை இச்சொல்லை மொழிகிறார். வினைக்குப் பின்னால் வர வேண்டிய செயப்படுபொருளை முன்னால் கொண்டு வந்திருப்பதால், 'உன்னை' என்பது 'உன்னையே' என்று உறுதிபெறுகிறது. வணக்கமும் உதவி தேடலும் அல்லாஹ்வுக்கே உரியவை என்ற ஏகத்துவக் கொள்கை, அங்கே ஒரு மூவிடப்பெயரின் இடத்தாலும் உருவத்தாலும் நிலைநாட்டப்படுகிறது என்பதைத் தஃப்ஸீர் அறிஞர்கள் எடுத்துரைப்பர்.

இலக்கணம் பிறந்த கவலை

ஒரு சொல்லின் வேற்றுமை பற்றி முன்னோர் இத்துணை கவலை கொண்டது ஏன்? இஸ்லாம் அரபகத்தைக் கடந்து பாரசீகம், இராக், சிரியா என்று பரவியபோது, அரபியைத் தாய்மொழியாகக் கொள்ளாத பல்லாயிரம் மக்கள் திருக்குர்ஆனை ஓதத் தொடங்கினர். அக்காலத்து எழுத்தில் புள்ளிகளும் உயிர்க்குறிகளும் முறையாக இடப்படவில்லை. ஓதுவதில் 'லஹ்ன்' எனப்படும் இலக்கணப் பிழைகள் தோன்றின.

அபுல் அஸ்வத் அத்துஅலீ (ஹிஜ்ரி 69இல் மறைவு) அவர்களைப் பற்றிய நிகழ்ச்சி பல வடிவங்களில் அறிவிக்கப்படுகிறது. தவ்பா அத்தியாயத்தின் 3ஆம் வசனத்தில், அல்லாஹ்வும் அவனுடைய தூதரும் இணைவைப்போரை விட்டு விலகியவர்கள் என்று கூறப்படுகிறது. அங்கு 'ரஸூலுஹு' (அவனுடைய தூதர்) என்று ஓத வேண்டியதை ஒருவர் 'ரஸூலிஹி' என்று ஓதக் கேட்டார் அவர். அவ்வாறு ஓதினால் அல்லாஹ் இணைவைப்போரை விட்டும் தன் தூதரை விட்டும் விலகியவன் என்ற பொருள் வந்துவிடும். அல்லாஹ் காப்பானாக! ஒட்டுப்பெயரான 'ஹு', தனக்கு முன்னுள்ள உயிர்க்குறி மாறியதும் 'ஹி' என்று தானும் மாறிக்கொண்டு, பிழையை இயல்பாக ஒலிக்கச் செய்துவிட்டது. உயிர்க்குறிகளைப் புள்ளிகளால் காட்டும் முறையை அவர் வகுத்ததற்கு இதுவே காரணமாயிற்று என்பர்.

நஹ்வுக் கலையின் வேர் இங்கே இருக்கிறது. பிழையின்றி ஓத வேண்டும் என்ற அச்சத்திலிருந்து அது வளர்ந்தது.

இரு பிழைகள், இரு மாணவர்கள்

குளவி வினாவின் நாயகர்கள் இருவரும் அரபு இலக்கணத்துக்குள் நுழைந்தது ஒரே வாயிலின் வழியாகத்தான். இருவரையும் பிறர் பிழை சொல்லித் திருத்தினர். இருவரும் அந்தத் திருத்தத்தால் நாணமுற்றுக் கல்வியைத் தேடிப் புறப்பட்டனர்.

முதலாமவர் இமாம் ஸீபவைஹி (ரஹ்) அவர்கள். இயற்பெயர் அம்ர் இப்னு உஸ்மான். பாரசீகத்தின் ஷீராஸுக்கு அருகிலுள்ள பைளா என்ற ஊரில் பிறந்தவர். 'ஸீபவைஹி' என்பது பாரசீகச் சொல். ஆப்பிளின் நறுமணம் என்று அதற்குப் பொருள் கூறுவது வழக்கம். அவர் பஸராவுக்கு வந்தது ஹதீஸ் கற்பதற்காகவே. ஹம்மாத் இப்னு ஸலமா (ரஹ்) அவர்களின் அவையில் அமர்ந்து எழுதிவந்தார். ஒருநாள், நபித்தோழர்களுள் அபுத் தர்தா (ரலி) அவர்களை மட்டும் விலக்கிச் சொல்லும் ஓர் அறிவிப்பை ஆசிரியர் சொல்ல, அதிலிருந்த 'லைஸ அபத் தர்தா' என்ற தொடரை ஸீபவைஹி 'லைஸ அபுத் தர்தா' என்று வாசித்தார். 'ஸீபவைஹியே, பிழை செய்தீர்' என்று ஆசிரியர் திருத்தினார். இனி எவரும் என்னிடம் மொழிப்பிழை காண முடியாத அளவுக்கு ஒரு கலையைக் கற்பேன் என்று உறுதிகொண்டு அவர் எழுந்தார் என்பது வரலாறு.

அந்தப் பிழையின் உள்ளே இருப்பதும் ஒரு மூவிடப்பெயர்தான். அங்கே 'லைஸ' என்பது 'தவிர' என்ற பொருளில் வருகிறது. அதன் எழுவாய் கட்டாயமாக மறைந்திருக்கும் ஒரு ளமீர். எனவே பின்னால் வரும் பெயர் எழுவாயாக முடியாது. அது நஸ்பு நிலையில்தான் வர வேண்டும். மறைந்திருந்த அந்தப் பெயரை இளைஞர் ஸீபவைஹி காணவில்லை. கண்முன் தெரிந்த பெயரையே எழுவாயாக எண்ணிவிட்டார்.

அதன்பின் அவர் அணுகிய ஆசிரியர் கலீல் இப்னு அஹ்மத் அல்ஃபராஹீதி (ரஹ்) அவர்கள். அரபு யாப்பிலக்கணமாகிய 'அரூள்' கலையை வகுத்தவரும், முதல் பேரகராதியாகிய 'கிதாபுல் ஐன்' நூலுக்கு அடித்தளமிட்டவரும் அவரே. அவரிடமும் யூனுஸ் இப்னு ஹபீப் முதலியோரிடமும் கற்றவற்றை ஸீபவைஹி ஒரு பெருநூலாகத் தொகுத்தார். அந்நூலுக்கு அவர் பெயரிடவில்லை. முன்னுரையும் முடிவுரையும் இல்லை. உலகம் அதனை 'அல்கிதாப்' (நூல்) என்றே அழைத்தது. நூற்றுக்கணக்கான இடங்களில் ஆசிரியர் கலீலின் கருத்து அதில் பெயருடன் எடுத்துரைக்கப்படுகிறது.

இரண்டாமவர் இமாம் கிஸாஈ (ரஹ்) அவர்கள். இயற்பெயர் அலீ இப்னு ஹம்ஸா. கூஃபாவைச் சேர்ந்தவர். திருக்குர்ஆன் ஓதும் முறைகளுக்குரிய ஏழு கிராஅத் இமாம்களில் ஒருவர். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் அரண்மனையில் அவருடைய மைந்தருக்குக் கல்வி புகட்டியவர். அவர் ஒருமுறை நெடுந்தொலைவு நடந்துவந்து, ஓர் அவையில் அமர்ந்து, 'களைத்துவிட்டேன்' என்று சொல்ல முயன்றார். 'அஃயய்து' என்று சொல்ல வேண்டியவர் 'அய்யய்து' என்று சொன்னார். எங்களோடு அமர்ந்துகொண்டு பிழையாகப் பேசுகிறீரா என்று அங்கிருந்தோர் கேட்டனர். உடல் களைப்புக்கு ஒரு சொல், இயலாமைக்கு வேறொரு சொல் என்று விளக்கினர். அவ்விடத்திலிருந்தே எழுந்து, இலக்கணம் கற்பிப்பவர் யார் என்று விசாரித்து முஆத் அல்ஹர்ராவிடம் சென்று சேர்ந்தார் அவர்.

பின்னர் பஸராவுக்குச் சென்று கலீலைக் கண்டார். உங்களுக்கு இவ்வறிவு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்க, ஹிஜாஸ், நஜ்து, திஹாமா ஆகிய பாலைநிலங்களிலிருந்து என்று கலீல் விடையளித்தார். கிஸாஈ அப்பாலைகளுக்கே சென்றார். மனத்தில் பதித்தது போக, எழுதிக்கொள்வதற்கு மட்டும் பதினைந்து குப்பி மை செலவழித்துத் திரும்பினார் என்று சொல்லப்படுகிறது. அவர் மீண்டபோது கலீல் மறைந்திருந்தார். அவரிடத்தில் இருந்த யூனுஸ், கிஸாஈயோடு உரையாடி அவரது புலமையை ஏற்று, தம் இடத்தில் அவரை அமர்த்தினார்.

ஆகவே ஒருபுறம் விதிகளின் ஒழுங்கைக் கண்டறிந்த மேதை. மறுபுறம் மக்கள் வழக்கைத் தேடி மணலில் நடந்த மேதை. இருவருக்கும் கலீல் பொது ஆசிரியர்.

பக்தாத் அவை

ஸீபவைஹி பஸராவிலிருந்து பக்தாதுக்கு வந்தார். அப்போது அரசின் நிர்வாகம் முழுவதும் பர்மகீ குடும்பத்தாரின் கையில் இருந்தது. அக்குடும்பத்தின் தலைவரும் அமைச்சருமான யஹ்யா இப்னு காலித், பஸராவின் அறிஞரையும் கூஃபாவின் அறிஞரையும் நேருக்கு நேர் விவாதிக்க வைக்க ஒரு நாள் குறித்தார்.

அறிவிப்புகள் சிற்சில செய்திகளில் வேறுபட்டாலும், நிகழ்ச்சியின் போக்கு ஏறத்தாழ ஒன்றே. ஸீபவைஹி முதலில் வந்து அமர்ந்தார். கிஸாஈ வருவதற்கு முன்பாகவே அவருடைய மாணவர்களான அஹ்மரும் ஃபர்ராவும் கேள்விகளைத் தொடுத்தனர். ஒவ்வொரு விடைக்கும் 'தவறு' என்று அஹ்மர் சொன்னார். இது பண்பற்ற செயல் என்று ஸீபவைஹி வருந்தினார். உங்கள் ஆசிரியர் வரும்வரை உங்களோடு பேசமாட்டேன் என்று மௌனமானார்.

கிஸாஈ வந்தார். நீர் கேட்கிறீரா, நான் கேட்கட்டுமா என்றார். நீரே கேளும் என்றார் ஸீபவைஹி. அப்போது கிஸாஈ ஒரு வாக்கியத்தை முன்வைத்தார். அதன் கருத்து: 'குளவி கொட்டுவதைவிடத் தேள் கொட்டுவதே கொடியது என்று எண்ணியிருந்தேன், பார்த்தால், அதுவும் இதுவே.' இறுதிப் பகுதியை 'ஃபஇதா ஹுவ ஹிய' என்று சொல்ல வேண்டுமா, 'ஃபஇதா ஹுவ இய்யாஹா' என்று சொல்ல வேண்டுமா? இதுதான் வினா.

தமிழில் குளவியும் அஃறிணை, தேளும் அஃறிணை. இரண்டும் 'அது' தான். அரபியில் குளவியைக் குறிக்கும் 'ஸுன்பூர்' ஆண்பால். தேளைக் குறிக்கும் 'அக்ரப்' பெண்பால். எனவே 'ஹுவ' என்றவுடன் குளவியும், 'ஹிய' என்றவுடன் தேளும் மனத்தில் வந்துவிடுகின்றன. 'அவனே அவள்' என்பது போன்ற இறுக்கமான அமைப்பு அது.

'ஃபஇதா ஹுவ ஹிய' என்பதே சரி. நஸ்பு வராது என்று ஸீபவைஹி விடையளித்தார். அரபியர் ரஃப்உவாகவும் சொல்வர், நஸ்பாகவும் சொல்வர் என்றார் கிஸாஈ. இதே அமைப்புடைய வேறு வாக்கியங்களையும் கேட்டார். ஸீபவைஹி தம் விடையில் உறுதியாக நின்றார்.

இருதரப்பு நியாயங்கள்

ஸீபவைஹியின் வாதம் ஒழுங்கின் வாதம். 'இதா' என்ற இச்சொல் எதிர்பாராத நிகழ்ச்சியைக் காட்டுவது. 'பார்த்தால்', 'அப்போதோ' என்பது போன்றது. அதனை அடுத்து வருவது பெயர் வாக்கியம். பெயர் வாக்கியத்தில் எழுவாயும் (முப்ததா) பயனிலையும் (கபர்) இரண்டும் ரஃப்உ நிலையில் நிற்கும். 'ஹுவ' எழுவாய் என்றால் 'ஹிய' பயனிலை. 'இய்யாஹா' என்று நஸ்பு உருவம் வருவதற்கு, அதனைச் செயப்படுபொருளாகக் கொள்ளும் வினை எதுவும் அங்கு இல்லை.

இதற்குத் திருக்குர்ஆனும் சான்று தருகிறது. மூஸா (அலை) அவர்கள் கைத்தடியை எறிந்ததும் அது பாம்பாக ஓடுவதைக் கூறும் தாஹா அத்தியாயத்தின் 20ஆம் வசனத்திலும், அவர்களின் கை ஒளிவீசியதைக் கூறும் அஃராஃப் அத்தியாயத்தின் 108ஆம் வசனத்திலும் இதே 'இதா' வருகிறது. அதனை அடுத்து 'ஹிய' வருகிறது. அதன் பயனிலையும் ரஃப்உ நிலையிலேயே அமைந்திருக்கிறது.

கிஸாஈயின் வாதம் வழக்கின் வாதம். மொழி மக்களின் நாவில் வாழ்வது. அரபியர் சொல்லக் கேட்டது எதுவோ அதுவே சான்று. விதி அதற்கு இடந்தராவிட்டால் விதியை விரிவாக்க வேண்டும் என்பது கூஃபா அறிஞர்களின் நோக்கு. 'இதா' என்ற சொல்லுக்குள் 'கண்டேன்' என்ற வினைப்பொருள் அடங்கியிருக்கிறது, ஆகவே அது நஸ்புக்கு இடந்தரும் என்று அவர்கள் தரப்பில் விளக்கம் கூறப்பட்டது. 'அது இதனை ஒக்கும்' என்றிருந்த தொடரில் 'ஒக்கும்' என்ற வினை மறைய, ஒட்டியிருந்த ளமீர் பிரிந்து 'இய்யாஹா' என்று நின்றது என்ற விளக்கத்தையும் பிற்கால அறிஞர்கள் தந்துள்ளனர்.

அரிதாகக் கேட்ட வழக்கை விதியாக்கலாமா, பரவலான வழக்கிலிருந்து மட்டுமே விதி செய்ய வேண்டுமா என்பதே இருவரையும் பிரித்த கோடு. ஃபிக்ஹு கலையில் கியாஸையும் அறிவிப்புகளையும் பற்றி எழுந்த விவாதங்களை அறிந்தோருக்கு இதன் சாயல் புரியும்.

சாட்சிகள்

அவையில் யஹ்யா சொன்னார்: நீங்கள் இருவரும் உங்கள் நகரங்களின் தலைவர்கள், வேறுபட்டுவிட்டீர்கள், உங்களிடையே யார் தீர்ப்பளிப்பது? கிஸாஈ விடையளித்தார்: பல திசைகளிலிருந்தும் வந்த அரபியர் உங்கள் வாயிலில் இருக்கின்றனர். இரு நகரத்தாரும் அவர்களிடமிருந்து மொழி கேட்டிருக்கின்றனர். அவர்களை அழைத்துக் கேளுங்கள்.

அபூ ஃபக்அஸ், அபூ ஸியாத், அபுல் ஜர்ராஹ் முதலியோர் உள்ளே அழைக்கப்பட்டனர். அவர்கள் கிஸாஈயின் கூற்றையே ஏற்றனர். ஸீபவைஹி தலைகுனிந்தார். அவர் நம்பிக்கையோடு வந்தவர், வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம் என்று கிஸாஈயே யஹ்யாவிடம் பரிந்து பேச, பத்தாயிரம் திர்ஹங்கள் வழங்கப்பட்டன. ஸீபவைஹி பஸராவுக்குத் திரும்பவில்லை. பாரசீகம் நோக்கிச் சென்றார். ஹிஜ்ரி 180 (கி.பி. 796) வாக்கில் இளவயதிலேயே மறைந்தார். மனவேதனையே காரணம் என்று சிலர் எழுதினர். ஷீராஸில் அவர் பெயரால் ஓர் அடக்கத்தலம் இன்றும் காட்டப்படுகிறது.

அந்தச் சாட்சிகளைப் பற்றி நூல்கள் பலவாறு பேசுகின்றன. அவர்களுக்குக் கையூட்டு தரப்பட்டது என்பது ஒரு செய்தி. கலீஃபாவிடம் கிஸாஈக்கு இருந்த செல்வாக்கை அறிந்து அவர் பக்கம் சாய்ந்தனர் என்பது மற்றொன்று. கிஸாஈ சொல்வதே சரி என்று மட்டும் அவர்கள் கூறினர், அந்த வாக்கியத்தைத் தம் வாயால் மொழியவில்லை, அதனை மொழியச் சொல்லுங்கள், அவர்களின் நா அதற்கு இணங்காது என்று ஸீபவைஹி கோரினார் என்பது இன்னொன்று. இம்மூன்றாவது செய்தி நுட்பமானது. ஒரு கருத்துக்குத் தலையசைப்பது வேறு. அதனைத் தன் சொந்த நாவால் இயல்பாகச் சொல்லிக் காட்டுவது வேறு. மொழிச் சான்று என்பது இரண்டாவதுதான்.

இங்கு நாம் நின்று நிதானிக்க வேண்டிய இடமொன்று உண்டு. கையூட்டுச் செய்தி பஸரா தரப்பின் நூல்களிலேயே முதன்மையாக எடுத்தாளப்படுகிறது. 'அறிவிக்கப்படுகிறது' என்ற அளவில், சொன்னவர் யார் என்று சுட்டாத வினையால் அது கூறப்படுகிறது. ஹதீஸ் கலையின் அரிச்சுவடி கற்றோரும் இத்தகைய சொல்லைக் கண்டால் எச்சரிக்கை கொள்வர். மேலும் கையூட்டுக் கொடுத்தவர் யார் என்பதிலும் அச்செய்திகள் ஒன்றுபடவில்லை. திருமறை ஓதலில் சமுதாயம் முழுவதும் ஏற்றுக்கொண்ட ஓர் இமாமின் மீது இத்தகைய பழியை உறுதியாகச் சுமத்துவதற்கு அது போதாது. ஸீபவைஹிக்கு அநீதி நேர்ந்தது என்று வருந்துவோர், அந்த வருத்தத்தாலேயே கிஸாஈக்கு அநீதி இழைத்துவிடக் கூடாது.

அவைக்குப் பின்

பக்தாதில் கிடைத்த வெற்றியோடு வரலாறு முடிந்துவிடவில்லை. ஸீபவைஹியின் மாணவர்களுள் மூத்தவரான ஸயீத் இப்னு மஸ்அதா, 'நடு அக்ஃபஷ்' என்று பெயர் பெற்றவர், நடந்ததை அறிந்து பக்தாதுக்கு வந்தார். அவரே கூறியதாக வரும் அறிவிப்பு இது: கிஸாஈயின் பள்ளிவாசலில் அவர் பின்னே ஃபஜ்ர் தொழுதார். தொழுகை முடிந்ததும், மாணவர்கள் சூழ்ந்திருக்க, அவரிடம் நூறு வினாக்கள் கேட்டார். ஒவ்வொரு விடையிலும் பிழை காட்டினார். மாணவர்கள் சினந்து எழ முயன்றபோது கிஸாஈ அவர்களைத் தடுத்தார். நீர் ஸயீத் இப்னு மஸ்அதா அல்லவா என்று கேட்டு, எழுந்து தழுவி, தம் அருகில் அமர்த்திக்கொண்டார். தம் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருக்கும்படி வேண்டினார். பின்னர் ஸீபவைஹியின் 'கிதாப்' நூலை அவரிடம் தாமே தனிமையில் பாடம் கேட்டு, எழுபது தீனார்கள் வழங்கினார்.

அவையில் வென்றவர், தாம் வென்றவரின் நூலை மாணவராக அமர்ந்து கற்றார் என்ற இச்செய்தி, கிஸாஈயின் சிறுமையைக் காட்டுவதாகச் சிலர் எடுத்துரைப்பதுண்டு. அதனை அவருடைய பெருமையாகக் காண்பதே பொருத்தம். புகழின் உச்சியில் இருந்தபோதும் கற்பதை நிறுத்தாத மனம் அது. அவருடைய மாணவர் ஃபர்ரா ஹிஜ்ரி 207இல் மறைந்தபோது, அவர் தலைமாட்டில் ஸீபவைஹியின் நூல் இருந்தது என்றும் அறிவிக்கப்படுகிறது. ஒருகாலத்தில் கேள்விகளால் ஸீபவைஹியைத் திணறடிக்க முயன்ற இளைஞர்களுள் அவரும் ஒருவர்.

அவையை நடத்திய அதிகாரத்தின் கதை வேறு. ஹிஜ்ரி 187இல் ஹாரூன் அர்ரஷீத் பர்மகீ குடும்பத்தை வீழ்த்தினார். அமைச்சர் யஹ்யா சிறையில் உயிர் நீத்தார். கிஸாஈ, ஹிஜ்ரி 189இல் கலீஃபாவுடன் சென்ற பயணத்தில் ரய் நகருக்கு அருகே மறைந்தார். அதே பயணத்தில், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர் இமாம் முஹம்மத் அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்களும் மறைந்தார்கள். ஃபிக்ஹையும் அரபியையும் ரய்யில் அடக்கம் செய்துவிட்டோம் என்று கலீஃபா வருந்தினார் என்பர்.

ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின், அதே பக்தாதில், நிளாமிய்யா மதரஸாவின் அறிஞர் அபுல் பரகாத் அல்அன்பாரீ (ஹிஜ்ரி 577இல் மறைவு) 'அல்இன்ஸாஃப்' என்ற நூலை எழுதினார். 'நடுநிலை' என்பது அப்பெயரின் பொருள். பஸராவும் கூஃபாவும் வேறுபட்ட 121 வினாக்களை வரிசைப்படுத்தி, இருதரப்பு வாதங்களையும் எடுத்துவைத்துத் தீர்ப்புக் கூறும் நூல் அது. அதில் 99ஆவது வினா குளவி வினா. தீர்ப்பு ஸீபவைஹியின் பக்கம் சென்றது. எகிப்தின் இப்னு ஹிஷாம் (ஹிஜ்ரி 761இல் மறைவு) தம் 'முக்னில் லபீப்' நூலில் 'இதா' என்ற சொல்லை விளக்கும் இடத்தில் இந்நிகழ்ச்சியை விரிவாக எழுதினார். நஸ்பு வழக்கு உண்மையிலேயே அரபியரிடமிருந்து கேட்கப்பட்டிருந்தாலும், அது விதிக்குப் புறம்பான அரிய வழக்கே என்பது அவர் முடிவு. அதேவேளை, கிஸாஈயின் கூற்றைச் சரிகாண்பதற்குரிய விளக்கங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்து ஆராய்ந்தார். எதிர்க் கருத்துக்கும் அதன் வலிமையான வடிவத்தைத் தந்து பிறகு மதிப்பிடுவதே நம் முன்னோர் கற்றுத்தந்த முறை.

நமக்குரிய படிப்பினை

இன்று அரபு மதரஸாவில் நஹ்வு கற்கும் மாணவர், அறிந்தோ அறியாமலோ, ஸீபவைஹி வகுத்த வழியில்தான் நடக்கிறார். ஏழு கிராஅத்களையும் கற்கும் மாணவர் கிஸாஈயின் ஓதலை ஸனதுடன் பெறுகிறார். அந்த ஓதலில் வரும் ஒரு சொல் ஏன் அவ்வுருவில் அமைந்தது என்று விளக்க வேண்டும்போது, ஸீபவைஹியின் இலக்கணம் துணைக்கு வருகிறது. ஒரே அவையில் எதிரெதிரே அமர்ந்த இருவரின் உழைப்பும் ஒரே வேதத்தின் சேவையில் ஒன்று சேர்ந்துவிட்டது.

கருத்து வேறுபாடு நம் நாட்களிலும் ஓயவில்லை. பள்ளிவாசல் திண்ணையிலும் கைப்பேசிக் குழுக்களிலும் மார்க்க விவாதங்கள் நாள்தோறும் நடக்கின்றன. பெரும்பாலானவை 'யார் வென்றார்' என்ற கேள்வியோடு முடிந்துவிடுகின்றன. கூடியிருந்தோர் யார் பக்கம் கைதட்டினர், யாருக்குச் செல்வாக்கு அதிகம், யார் வாயடைத்துப் போனார் என்பவையே தீர்ப்பாகிவிடுகின்றன. பக்தாத் அவையில் கூடியிருந்தோரும் அன்று ஒருவர் வென்றதாகவே எண்ணிக் கலைந்திருப்பர். நூல்களைத் திறந்து சான்றுகளை எடைபோட்டவர்கள் வேறு முடிவுக்கு வந்தனர். அதற்கு நூற்றாண்டுகள் ஆயின.

நாம் கைக்கொள்ளத்தக்கவை எளியவை. ஒரு கருத்தைக் கூட்டத்தின் ஆரவாரத்தால் அளக்காமல் அதன் ஆதாரத்தால் அளக்க வேண்டும். நமக்குப் பிடித்த அறிஞருக்காகப் பேசும்போதும் மற்ற அறிஞரைப் பற்றிய உறுதியற்ற செய்திகளைப் பரப்பாதிருக்க வேண்டும். பிழை என்று ஒருவர் சுட்டிக்காட்டினால், ஸீபவைஹியும் கிஸாஈயும் தம் இளமையில் செய்தது போல, கற்கப் புறப்பட வேண்டும். அவையில் வென்ற பின்னும், கிஸாஈ அக்ஃபஷிடம் அமர்ந்தது போல, கற்க அமர வேண்டும்.

அடுத்த முறை தொழுகையில் ஃபாத்திஹா ஓதி 'இய்யாக' என்ற சொல்லை அடையும்போது ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். அந்தச் சிறு சொல்லின் உருவமும் உயிர்க்குறியும் பிழையின்றி நம் நாவை வந்தடைய, எத்தனை பேர் தம் வாழ்நாளைச் செலவழித்திருக்கின்றனர்! அவர்கள் அனைவருக்கும் அல்லாஹ் அருள் புரிவானாக. அவர்கள் வேறுபட்டவற்றில் உண்மையை முழுமையாக அறிந்தவன் அவனே.

வல்லாஹு அஃலம்.